அறுபடும் இழைகள்: முத்துக்குளித்துறையும் மனச்சிதைவின் வரலாறும்

தமிழில் நாம் 'மனச்சிதைவு' என்று எழுதிவரும் நோய்க்கு மருத்துவ உலகில் வழங்கும் பெயர் ஸ்கிசோஃப்ரீனியா. கிரேக்க மூலத்தில் அச்சொல்லின் முற்பாதிக்குப் பிளத்தல் என்றும் பிற்பாதிக்கு மனம் என்றும் பொருள். சூரிச் நகரத்து மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் 1908ஆம் ஆண்டு பெர்லினில் ஆற்றிய உரையொன்றில் அதை முன்வைத்தார். 1911இல் பெருநூலாக விரித்தெழுதினார். அதற்கு முன்பு இந்நோய் 'டிமென்ஷியா பிரீகாக்ஸ்' என்று அழைக்கப்பட்டது. இளமையிலேயே வந்து சேரும் அறிவழிவு என்று அதைப் பெயர்க்கலாம். அப்பெயரை நிலைநாட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் எமில் க்ரெப்பலின். மனநோய்களை அவற்றின் அறிகுறிகளைக் கொண்டு மட்டும் பிரிக்காமல், ஆண்டுக்கணக்கில் அவை எந்தத் திசையில் செல்கின்றன என்பதைக் கொண்டு பிரித்தவர் அவர். இந்நோயின் திசை பெரும்பாலும் கீழ்நோக்கியே என்பது அவருடைய தீர்ப்பு.

ப்ளாய்லர் பெயரை மாற்றியதற்கு இத்தீர்ப்பை அவர் முழுமையாக ஏற்காததே காரணம். தம் நோயாளிகளில் எல்லோரும் அறிவழிந்து போகவில்லை என்பதையும், எல்லோருக்கும் இளமையில் நோய் தொடங்கவில்லை என்பதையும் அவர் கண்டிருந்தார். பிளவு என்று அவர் சொன்னது ஓர் உடலுக்குள் இரண்டு மனிதர்கள் குடியிருப்பதை அன்று. (நம் திரைப்படங்கள் அந்தத் தவறான பொருளை வைத்தே நிறையச் சம்பாதித்திருக்கின்றன.) எண்ணத்துக்கும் எண்ணத்துக்கும் இடையே, எண்ணத்துக்கும் உணர்ச்சிக்கும் இடையே ஓடும் தொடர்பிழைகள் தளர்ந்துபோவதைத்தான் அவர் பிளவு என்றார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் மனம் அதன் முடிவுக்குச் செல்ல வேண்டிய பாதையை விட்டு வழியில் எதிர்ப்படும் வேறொரு சொல்லின் பின்னால் போய்விடுகிறது. அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே கார்ல் வெர்னிக்கெ மூளையின் இணைப்பு நார்கள் அறுபடுவதே பைத்தியத்தின் அடிப்படையாக இருக்கலாம் என்று ஊகித்திருந்தார். நுண்ணோக்கிக்கு அப்பால் எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் செய்த ஊகம் அது.

தமிழில் நாம் எடுத்துக்கொண்ட சொல்லைப் பாருங்கள். பிளவு என்று சொல்லாமல் சிதைவு என்று சொல்லிவிட்டோம். பாழடைந்த கோயிலுக்கும் உளுத்துப்போன சுவடிக்கும் நாம் பயன்படுத்தும் சொல் அது. ப்ளாய்லரின் பெயரை மொழிபெயர்த்ததாக நினைத்துக்கொண்டு க்ரெப்பலினின் தீர்ப்பை மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேறு சொல் பரவலாக வழக்கில் இல்லாததால் இக்கட்டுரையிலும் அதையே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

நம்மிடம் பழைய சொற்கள் இல்லாமல் இல்லை. பித்து, உன்மத்தம், கிறுக்கு என்று பல. சித்த மருத்துவ மரபில் அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டு வகையாகப் பிரிக்கிறது. பித்து என்ற சொல்லில் நோயும் இருந்தது, பக்தியும் இருந்தது, புதுமைப்பித்தன் தம் பெயரில் சேர்த்துக்கொண்டதுபோல் ஒரு மிடுக்கும் இருந்தது. மருத்துவத்தின் சொல்லாக அது ஆகாமல் போனதற்கு அந்தப் பல்பொருளே காரணமாக இருக்கலாம்.

*

இந்நோயின் வரலாற்றில் நம் காலத்து மிகக் கொடிய அத்தியாயம் எழுதப்பட்டது மன்னார் வளைகுடாவின் கரையில். கன்னியாகுமரியிலிருந்து தூத்துக்குடி வழியாக வேம்பாறு வரையும் அதற்கு அப்பாலும் நீளும் அக்கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பாறு, சாயல்குடி தாண்டிச் சென்றால் கீழக்கரைக்குச் சற்று முன்னால் ஏர்வாடி. அங்கே போவதற்கு முன் அக்கரையின் பழைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கவனம் என்பது எவ்வளவு அரிய பொருள் என்பதைத் தம் உடலால் அறிந்திருந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

முத்துக்குளிப்பவருக்கு ஒரு மூழ்கலில் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். இடையில் கட்டிய வலைப்பையோடு, காலுக்கடியில் கல்லைக் கொண்டு பாருக்கு இறங்கி, கை எட்டும் சிப்பிகளை அள்ளி, கயிற்றை அசைத்து மேலேற வேண்டும். தோணியில் ஒருவர் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருப்பார். மூழ்கியவருடைய உயிர் அவர் கையில். கீழே இருப்பவர் சிப்பியைப் பார்க்க, மேலே இருப்பவர் கயிற்றைப் பார்க்க, இருவரின் கவனமும் ஒன்றாக முடியப்பட்ட தொழில் அது.

சுறா பற்றிய அச்சம் மூன்றாவதாக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. கரையில் இருந்தபடி மந்திரத்தால் சுறாக்களின் வாயைக் கட்டுபவர் அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மீன்களைக் கட்டும் மந்திரக்காரர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். பகலில் போட்ட கட்டை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் இருட்டில் இறங்கித் திருடிவிடக் கூடாது என்பதற்காக. ஆங்கிலேயர் காலத்திலும் இவ்வழக்கம் நீடித்தது. மந்திரக்காரர் இல்லாமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்ததால், நம்பிக்கையில்லாத அதிகாரிகளும் அவருக்குரிய பங்கைக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் இதை மூடநம்பிக்கைக்கு உதாரணமாகவே எழுதிவைத்தனர். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. சுறா கட்டுண்டதோ இல்லையோ, குளியாளின் அச்சம் கட்டுண்டது. எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற முடிவை இன்னொருவர் ஏற்றுக்கொண்டதால், தன் ஒரு நிமிடத்தை அவர் முழுதாகச் சிப்பிக்குக் கொடுக்க முடிந்தது. 1961இல் தூத்துக்குடியில் நடந்ததே இந்த வரிசையின் கடைசி முத்துக்குளிப்பு.

இதே கரையில் மனம் பிறழ்ந்தவர்களைக் கொண்டுசெல்லும் இடங்களும் இருந்தன. உவரியில் புனித அந்தோணியார் கோயில். ஏர்வாடியில் சுல்தான் செய்யிது இப்ராகீம் ஷஹீது தர்கா. மதம் இங்கே தடையாக இருந்ததில்லை. ஏர்வாடிக்கு வந்தவர்களில் இந்துக்களும் கிறித்தவர்களும் எப்போதும் உண்டு. தர்காவின் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் மருந்து. குணமானதற்கு அடையாளம் கனவு. வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவு கனவில் வர வேண்டும். சிலருக்கு அது இரண்டு மாதத்தில் வரும், சிலருக்குப் பல ஆண்டுகளாகும். காத்திருக்க இடம் வேண்டுமல்லவா? தர்காவைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. உறவினர் பணம் கட்டி விட்டுவிட்டுப் போவார்கள். ஓடிவிடாமல் இருக்கச் சங்கிலி.

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்றான மொய்தீன் பாதுஷா காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்த சிலர் தப்பினர். 28 பேர் இறந்தனர். ஒரு வாரத்துக்குள், ஆகஸ்ட் 13 அன்று, ஏர்வாடியில் இருந்த இத்தகைய காப்பகங்கள் அனைத்தும் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இத்தகைய இடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்லியிருந்தது. சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறந்தவர்கள் எல்லோருக்கும் மனச்சிதைவு என்று சொல்லிவிட முடியாது. காப்பகச் சங்கிலிக்கு நோய்களின் பெயர் தெரியாது. இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தால் கைவிடப்படும் நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்லும் நோய்களில் இதுவே முதன்மையானது. ஆகையால் ஏர்வாடியைப் பற்றிப் பேசும்போது இந்நோயின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

*

1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் என்ற இருவர், நோய் தொடங்கிய ஆரம்ப நிலையில் இருந்த இளைஞர்களிடம் பேசி ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதுவரை மருத்துவர்கள் பெரிதும் கவனித்து வந்தவை நோயாளியின் விசித்திர நம்பிக்கைகளும் அவர் கேட்கும் குரல்களும். இவர்கள் அவற்றுக்கு முந்தைய கட்டத்தைக் கேட்டறிந்தனர். நோயாளிகள் சொன்னதன் சாரம் இதுதான்: எல்லாமே கவனத்தைப் பிடுங்குகின்றன. இருவர் பேசினால் புரிகிறது, நால்வர் பேசினால் எல்லாக் குரல்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. ஒலிகள் உரத்துவிட்டன, நிறங்கள் கூர்மையாகிவிட்டன. நடப்பது போன்ற சாதாரணச் செயலைக்கூட ஒவ்வொரு அடியாக யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

கவனக்குறைவு என்று வெளியிலிருந்து நாம் சொல்வது உள்ளிருந்து பார்த்தால் கவனப்பெருக்காக இருக்கிறது. வடிகட்ட வேண்டியதை வடிகட்ட முடியாத மனம் அது. க்ரெப்பலினும் இதன் ஒரு பகுதியைக் கண்டிருந்தார். நோயாளியால் தன் கவனத்தை ஒன்றில் நிறுத்தவும் முடிவதில்லை, ஒன்றிலிருந்து மீட்கவும் முடிவதில்லை என்று அவர் குறித்திருக்கிறார். எனினும் நோயாளிகளின் வாயாலேயே அது பதிவாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. மருத்துவமனைகள் அதுவரை நோயாளிகளை எவ்வளவு கேட்டன என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

இதற்கிடையில் 1952இல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்து மனநோயில் பயன்படுவது கண்டறியப்பட்டிருந்தது. குரல்களும் ஐயங்களும் அடங்கின. மருத்துவமனைகளின் கூச்சல் அடங்கியது. இம்மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கின்றன என்பது பின்னர் தெரியவந்தது. டோபமினுக்கும் எது முக்கியம் என்ற உணர்வுக்கும் உள்ள தொடர்பை வைத்து, டொராண்டோவில் பணியாற்றிய ஷிதிஜ் கபூர் 2003இல் ஒரு விளக்கம் அளித்தார். இந்நோயில் பொருளற்ற நிகழ்வுகள் எல்லாம் பொருள் மிகுந்தவையாக ஒளிர்கின்றன. தெருவில் ஒருவர் இருமுகிறார், பேருந்தின் எண் ஏழில் முடிகிறது, எதிர்வீட்டில் சன்னல் சாத்தப்படுகிறது. ஒவ்வொன்றும் தனக்காகவே நடப்பதுபோல் தோன்றுகிறது. அத்தனைக்கும் சேர்த்து ஒரு காரணத்தைத் தேடும் மனம் கடைசியில் ஒரு கதையைக் கண்டுபிடிக்கிறது. யாரோ சதி செய்கிறார்கள் என்பது அக்கதை. மருந்து அந்த ஒளிர்வைக் குறைக்கிறது, ஏற்கெனவே கட்டப்பட்ட கதையை அது உடனே அழித்துவிடுவதில்லை என்பது கபூரின் கருத்து. முத்துக்குளித்துறையின் மொழியில் சொன்னால், நீருக்குள் நிழலாடும் ஒவ்வொன்றும் சுறாவாகத் தெரிகிறது. கட்டுபவர் கரையில் இல்லை.

ப்ளாய்லரின் தளர்ந்த இழைகளுக்கு நூற்றாண்டின் இறுதியில் மறுபிறப்பு வந்தது. 1995இல் லண்டனைச் சேர்ந்த கார்ல் ஃப்ரிஸ்டனும் கிறிஸ் ஃப்ரித்தும், மனச்சிதைவு மூளையின் ஏதோவொரு பகுதியில் உண்டான புண் அன்று, பகுதிகள் ஒன்றோடொன்று கலந்து செயல்படுவதில் உண்டான குறை என்று எழுதினர். அதே 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வால் வேறொரு வழியில் அதற்கான கருவியைக் கண்டடைந்தார். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் சும்மா படுத்திருக்கும் ஒருவருடைய மூளையில் இரத்த ஓட்டம் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். இரைச்சல் என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்த அலைவுகள், இடது கையை இயக்கும் பகுதியிலும் வலது கையை இயக்கும் பகுதியிலும் ஒரே தாளத்தில் நிகழ்வதை அவர் காட்டினார். ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் பகுதிகளைக் கோடுகளால் இணைத்தால் மூளையின் வலையமைப்புகள் தெரியத் தொடங்கின.

அவற்றில் ஒன்றை மார்கஸ் ரெய்கிலும் அவருடைய குழுவினரும் 2001இல் விவரித்தனர். நாம் வேலையில் ஈடுபடும்போது அடங்கி, வேலையின்றி நம் நினைவுகளிலும் கற்பனைகளிலும் உலவும்போது விழித்தெழும் வலையமைப்பு அது. புறவுலகைக் கவனிக்கும் வலையமைப்பு எழுந்தால் இது தணிய வேண்டும். 2009இல் சூசன் விட்ஃபீல்டு-கேப்ரியேலியும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களுக்கு வேலை செய்யும்போதும் இந்த அகவலையமைப்பு போதிய அளவு தணியவில்லை என்பது தெரிந்தது. நோயில்லாத நெருங்கிய உறவினர்களிடமும் அதன் சாயல் காணப்பட்டது. உள்ளே பேசும் குரலுக்கும் வெளியே கேட்கும் குரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சுவர் மெலிந்திருப்பதாக இதை வாசிக்கலாம்.

அகத்திலிருந்து புறத்துக்கும் புறத்திலிருந்து அகத்துக்கும் கவனத்தை மாற்றிவிடுவது யார் வேலை? அதற்கென மூன்றாவதாக ஒரு வலையமைப்பைக் காட்டுகிறார்கள். இன்சுலா என்று பெயர்கொண்ட, மூளையின் பக்கவாட்டுப் பள்ளத்துக்குள் மடங்கி மறைந்திருக்கும் பகுதி அதன் மையம். எது இப்போது முக்கியம் என்று அறிவிப்பது அதன் வேலை. மனச்சிதைவின் வேர் இங்கேதான் இருக்கக்கூடும் என்ற கருதுகோளை 2012இல் நாட்டிங்ஹாமிலிருந்து முன்வைத்தவர்கள் லேனா பழனியப்பன், பீட்டர் லிடில் என்ற இருவர். முதல் பெயரைக் கண்டதும் தமிழ் வாசகர் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

இவ்வாய்வுகளை வாசிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. இவை கூட்டங்களின் சராசரிகள். ஐம்பது நோயாளிகளின் மூளைப் படங்களையும் மற்ற ஐம்பது பேருடையவற்றையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஒற்றைப் படத்தைக் கையில் கொடுத்து இவருக்கு நோய் உண்டா என்று கேட்டால் எந்த நிபுணரும் விடை சொல்ல மாட்டார். இன்றைக்கும் இந்நோயை நிர்ணயிப்பது பேச்சும் கவனிப்பும்தான். இயந்திரத்துக்குள் தலை சற்று அசைந்தாலே இல்லாத வேறுபாடுகள் தோன்றும் என்பதும், ஆண்டுக்கணக்கில் உண்ட மருந்தே மூளையை மாற்றியிருக்கலாம் என்பதும் இத்துறையினரே ஒப்புக்கொண்ட இடர்ப்பாடுகள். வண்ண வண்ணக் கோடுகளால் வரைந்த மூளைப் படங்களைக் கண்டு மயங்குபவர்களிடம் எனக்குக் கொஞ்சம் அவநம்பிக்கை உண்டு.

ஆனால் இவற்றிலிருந்து உறுதியாக ஒன்றைச் சொல்லலாம். இந்நோயில் தளர்ந்திருப்பது கைகால்கள் அல்ல. ஒருவரை அசையாமல் கட்டிவைப்பது, அவருக்குள் நூறு திசைகளில் இழுபடும் கவனத்தை ஒரு நூலளவும் நிலைப்படுத்தாது. செய்வதற்கு வேலையோ பேசுவதற்கு ஆளோ இல்லாத கொட்டகையில், தணிய மறுக்கும் அகவலையமைப்போடு அவரைத் தனியே விட்டுவிடுகிறது.

*

சங்கிலியை மட்டுமே வைத்து ஏர்வாடியையும் உவரியையும் எடைபோடுவதும் சரியாகாது என்று நினைக்கிறேன். பாரிஸில் பிசெத்ர் மருத்துவமனையில் ழான்-பாப்திஸ்த் பூசான் நோயாளிகளின் சங்கிலிகளை அகற்றியது 1797இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1794இல், சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வாலண்டைன் கொனோலி ஒரு பைத்தியக்கார விடுதியைத் தொடங்கியிருந்தார். 1871இல் அரசுக் காப்பகம் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறியது. தூத்துக்குடிக் கரையிலிருந்து பார்த்தால் கீழ்ப்பாக்கம் அறுநூறு கிலோமீட்டர் தொலைவு. அங்கே போவதற்குப் பொதுவாகத் தேவைப்பட்டவை ஒரு நீதிபதியின் ஆணையும் ஊரார் அறிய வரும் அவமானமும். தர்காவுக்கும் கோயிலுக்கும் ஆணை வேண்டாம், அவமானமும் இல்லை.

2002இல், அதாவது ஏர்வாடித் தீயின் மறு ஆண்டில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. ஆர். ரகுராமும் உடனாய்வாளர்களும் தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் உள்ள முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை வந்த நாளிலும் கிளம்பிய நாளிலும் சோதித்தனர். அங்கே மருந்து இல்லை. பேயோட்டுதல் போன்ற தனிச்சடங்குகளும் இல்லை. காலையில் பூசை, கோலம் போடுவது, செடிக்கு நீர் ஊற்றுவது போன்ற சிறு வேலைகள், கூடவே தங்கும் ஓர் உறவினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமையை அளக்கும் எண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு இது இணையானது என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர். 31 பேர் என்பது சிறிய எண். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் இல்லை. இவற்றை மனதில் கொண்டே படிக்க வேண்டும். இருந்தாலும் அந்தக் கோயிலுக்கும் மொய்தீன் பாதுஷா காப்பகத்துக்கும் உள்ள வேறுபாடு கடவுளில் இல்லை. உறவினர் கூடவே இருந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா என்பதில் இருக்கிறது.

கயிற்றின் மறுமுனையில் ஆள் இருப்பதன் மதிப்பை இந்திய மனநல மருத்துவமும் தனியே கண்டுகொண்டிருந்தது. 1950களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்து வளாகத்திலேயே தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் குடும்பத்தோடு சேர்த்தே நோயாளியை அனுமதித்தது. கீழ்ப்பாக்கத்தில் 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த சாரதா மேனன், ஓய்வுபெற்ற பின் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். 98 வயது வரை வாழ்ந்து 2021இல் மறைந்தார். சென்னையில் 1981இல் தொடங்கி 90 நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை அந்நிறுவனத்தின் ஆர். தாரா முன்னெடுத்தார். குடும்பம் என்பதைப் போற்றிப் பாடுவதற்கும் ஒரு எல்லை உண்டு என்பதையும் அவர்களே காட்டியிருக்கிறார்கள். நோயுற்ற ஆணை மனைவி பெரும்பாலும் தாங்கிக்கொள்ள, நோயுற்ற பெண் கணவனால் கைவிடப்பட்டுப் பிறந்தவீட்டு வாசலில் வந்து நிற்கிறாள் என்பது அவர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரையொன்றின் பொருள்.

மானுடவியலாளர் டான்யா லூர்மன், ஸ்கார்ஃபின் தாரா, பத்மாவதி ஆகியோரோடு சேர்ந்து செய்த ஒப்பாய்வு இன்னும் சுவையானது. கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று இடங்களில் இடத்துக்கு 20 பேர் வீதம் குரல் கேட்கும் நோயாளிகளிடம், அக்குரல்கள் யாருடையவை, என்ன சொல்கின்றன என்று கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகமற்ற, வன்முறை நிறைந்த குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள். குளி, சாப்பிடு, சமையலை முடி, வீட்டைப் பெருக்கு என்று அவை ஏவின, திட்டவும் செய்தன. மூளையின் பழுது மூன்று ஊர்களிலும் ஒன்றாகவே இருக்கலாம். அப்பழுதின் வழியாக நுழைந்தவர்கள் யார் என்பதை அந்தந்த ஊரே தீர்மானித்திருக்கிறது.

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு இது புதிதன்று. எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' 1993இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். தம் காதுகளுக்குள் ஓயாமல் கேட்ட குரல்களோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த சொந்த அனுபவத்தையே அவர் மகாலிங்கம் என்ற பாத்திரத்துக்குக் கொடுத்தார். அவருக்கு ஒரு நோய்ப்பெயரைச் சூட்டும் உரிமை நமக்கில்லை. ஆனால் கவனம் பறிக்கப்படுவதென்றால் என்ன, பறிக்கப்பட்ட கவனத்தை முருகன் என்ற ஒற்றைப் புள்ளியில் மறுபடி மறுபடி கொண்டுவந்து நிறுத்தும் போராட்டம் என்ன என்பதை மூளைப் படங்களைவிட அந்நாவல் நெருக்கமாகக் காட்டுகிறது. அதைப் பித்தின் அழகியல் என்று புகழ்ந்து கடந்துவிடும் நம் விமரிசன வழக்கம் எனக்கு உவப்பானதல்ல. அந்த நாவலில் அழகைவிடத் துன்பமே அதிகம்.

*

ஜப்பானியர் 2002இல் இந்நோயின் பெயரை மாற்றினர். மனம் பிளந்த நோய் என்று இருந்ததை ஒருங்கிணைவுக் குறை என்று ஆக்கினர். பெயர் மாறுவதற்கு முன் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினரிடமே மருத்துவர்கள் நோயின் பெயரைச் சொல்லிவந்தனர்; மாறிய சில ஆண்டுகளுக்குள் அது மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியது. கொரியர்கள் 2011இல் வைத்த பெயர் இன்னும் நயமானது. இசைக்கருவியின் தந்திகளைச் சுருதி சேர்ப்பது என்ற பொருள்தரும் சொல்லை எடுத்து, அச்சுருதி குலைந்த நோய் என்று பெயரிட்டனர்.

தமிழில் யாழின் தந்திக்கும் உடலின் நாடி இழைக்கும் சங்க காலத்திலிருந்தே ஒரு சொல்தான்: நரம்பு. கொரியர்கள் தேடிக் கண்டுபிடித்த உருவகம் நம் மொழியில் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. சுருதி குலைந்த யாழைச் சிதைந்த யாழ் என்று எந்தப் பாணனும் சொல்லியிருக்க மாட்டான். நம் மருத்துவர்களும் சொல்லாக்கம் செய்பவர்களும் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அப்படியானால் சொல்லை மாற்றுவதால் ஏதோ ஒரு வகையில் தொடப்படும் தமிழ்க் குடும்பங்களின் எண்ணிக்கை சிறியதன்று.

ஏர்வாடியில் இன்று தர்காவின் அருகிலேயே அரசு மனநலச் சிகிச்சையும் நடக்கிறது. தொழுகையையும் தீர்த்தத்தையும் விடாமல் மருந்தையும் உட்கொள்ளும் இம்முறைக்குக் குஜராத்தின் உனாவா தர்காவில் நடந்த முயற்சி முன்மாதிரி. புதுக்கோட்டைப் பகுதியில் ஸ்கார்ஃப் ஒரு பேருந்தையே நடமாடும் மருத்துவமனையாக்கி, சென்னை மருத்துவரைத் திரை வழியாகக் கிராமத்து நோயாளியோடு பேசவைத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தன் 95ஆம் பிரிவில் தடை செய்கிறது.

காப்பகத்தின் உரிமையாளருக்கும் அவர் மனைவிக்கும் உறவினர் இருவருக்கும் 2007இல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நாளேடுகளில் செய்தி வந்ததும் உச்ச நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கைப் பதிவு செய்திருந்தது. மாநிலந்தோறும் ஓர் அரசு மனநோய் மருத்துவமனையாவது இருக்க வேண்டும், மனநோயாளிகளைச் சங்கிலியிடக் கூடாது என்று மக்களிடம் பரப்ப வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டின் ஆணைகள் அவ்வழக்கிலிருந்து பிறந்தவை. தமிழ்நாட்டுக் காப்பகத் தீயில் சங்கிலியிடப்பட்ட 25 பேர் இறந்தது தொடர்பாக என்பது அவ்வழக்கின் தலைப்பு. அது முதற்செய்தியில் வந்த எண். பின்னர் இறந்த மூவரும் சட்டநூல்களில் அத்தலைப்புக்குள் இன்னும் வரவில்லை.